அம்மம்மா என்றொரு சார்பு

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பேச்சு வருகிற வயதிலேயே நான்கு சொற்கள் நாக்கில் ஏறிவிடும்: அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா. சென்னையில் வளரும் பிள்ளை பாட்டி, தாத்தா என்ற இரண்டு சொற்களோடு சமாளித்துக்கொள்ளும். எந்தப் பாட்டி என்று யாராவது கேட்டால் ஊர்ப் பெயரையோ வீதியின் பெயரையோ சேர்த்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தத் தொல்லை இல்லை. போகிற வழியே பெயராக நிற்கிறது. முதலில் அப்பாவிடம் போ, அங்கிருந்து அவருடைய அம்மாவிடம் போ. வந்து சேர்கிற ஆள் அப்பம்மா.

பல்கலைக்கழக முதலாண்டுக் கணித மாணவர்கள் பலரைத் திணறடிக்கும் பாடம் ஒன்று இந்த நான்கு சொற்களுக்குள் முழுவதுமாக அடங்கிக் கிடக்கிறது. சார்புகளின் சேர்க்கை என்பது அதன் பெயர்.

சார்பு என்றால் ஒரு தொடையின் ஒவ்வொரு மூலகத்துக்கும் இன்னொரு தொடையில் ஒன்றே ஒன்றைக் காட்டித் தரும் விதி. (தமிழ்நாட்டு வாசகர்கள் சிரிக்க வேண்டாம். நீங்கள் கணம், உறுப்பு என்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் தொடை, மூலகம் என்கின்றன. உங்கள் அணிகள் இங்கே தாயங்கள். கிரிக்கெட் அணியையும் எண்களின் அணியையும் ஒரே சொல்லால் அழைக்கிறவர்கள் எங்கள் தொடையைக் கேலி செய்ய முடியாது.) ‘அம்மா’ ஒரு சார்பு: யாரைக் காட்டினாலும் அவரைப் பெற்றவர் ஒருவர், ஒருவர் மட்டுமே. ‘அண்ணன்’ சார்பு ஆகாது. சிலருக்கு மூன்று பேர் இருப்பார்கள், மூத்த பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. ஒரு சார்பு தந்த விடையை அப்படியே வாங்கி அடுத்த சார்புக்குக் கொடுத்தால் கிடைக்கும் புதிய சார்பே சேர்க்கை.

இங்கே எழுத்துமுறை ஒரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. ‘ப’ என்ற சார்பு முதலில், ‘ம’ என்ற சார்பு பிறகு என்றால், ‘க’ என்ற மூலகம் போய்ச் சேருமிடத்தை ம(ப(க)) என்று எழுதுகிறோம். சேர்க்கையை ம∘ப என்று குறிக்கிறோம். முதலில் வேலை செய்வது வலப்பக்கம் நிற்கிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ‘அம்மா’ என்ற சொல் முதலில் வந்து ‘அப்பாவுடைய’ என்பது பின்னால் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு இந்த வரிசை பழகியது. தமிழ் நேரே நடக்கிறது: அப்பாவின் அம்மா, அப்பம்மா. முதலாண்டில் நான் ம∘ப என்பதை இடமிருந்து வலமாகச் செய்து புள்ளிகளை இழந்ததற்கு மறதி பாதிக் காரணம். தாய்மொழி மீதிப் பாதி.

வரிசை மாறினால் விடையும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அப்பாவின் அம்மா ஒரு பெண்; அம்மாவின் அப்பா ஓர் ஆண். அப்பம்மாவும் அம்மப்பாவும் ஒருவராகவே இருக்க முடியாது. மூன்று படிகளை எப்படி அடைப்புக்குள் போட்டாலும் விடை மாறாது என்பதும் உண்மை: அப்பம்மாவின் அப்பாவும், அப்பாவின் அம்மப்பாவும் ஒரே ஆள். அடைப்பை நகர்த்தலாம், ஆட்களின் வரிசையை நகர்த்தக் கூடாது.

இனி நிறுவல்கள். ஒரு சார்பு வேறு வேறு மூலகங்களை வேறு வேறு இடங்களுக்கே அனுப்பினால் அது ஒன்றுக்கொன்றானது. சென்று சேரும் தொடையில் ஒரு மூலகமும் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் யாராவது ஒருவர் தொட்டுவிட்டால் அது மேற்சார்பு. இரண்டு ஒன்றுக்கொன்றான சார்புகளைச் சேர்த்தால் சேர்க்கையும் ஒன்றுக்கொன்றானதே. இது யாருக்கும் சந்தேகம் தராது. ஜெர்மானியக் கணிதர் ரிச்சர்ட் டெடிகிண்ட் 1888 இல் எண்களின் அடித்தளம் பற்றி வெளியிட்ட சிறுநூலில் இதை எந்தத் தொடைக்கும் பொருந்தும்படி நிறுவியிருக்கிறார். சுவை இருப்பது எதிர்த்திசையில். சேர்க்கை ஒன்றுக்கொன்றானது என்று மட்டும் தெரியும். உள்ளே இருக்கும் இரண்டு சார்புகளைப் பற்றி என்ன சொல்லலாம்?

ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். முப்பது பேருக்கும் அம்மம்மாமார் வேறு வேறு என்று ஆசிரியை விசாரித்து வைத்திருக்கிறார். அப்படியானால் வகுப்பில் கூடப்பிறந்த இருவர் இருக்க முடியுமா? முடியாது. ஒரே அம்மா என்றால் ஒரே அம்மம்மா ஆகிவிடுமே. இதுதான் நிறுவல், முழுவதும். குறியீட்டில் எழுதினாலும் இரண்டு வரிதான்: ப(க) = ப(ச) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ம என்ற சார்பைச் செலுத்தினால் ம(ப(க)) = ம(ப(ச)). சேர்க்கை ஒன்றுக்கொன்றானது என்பது தரவு, ஆகவே க = ச. முதற் சார்பு ஒன்றுக்கொன்றானது என்பது நிறுவப்பட்டது.

இரண்டாவது சார்பும் அப்படித்தானா? பெரும்பாலான மாணவர்கள் ஆமென்று எழுதிவிடுவார்கள். வட்டங்கள் போட்டு அம்புக்குறி வரைந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வகுப்பிலிருக்கும் ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு தங்கை இருக்கிறார். அந்தச் சின்னம்மாவின் பிள்ளைகள் இந்த வகுப்பில் இல்லை. ஊரிலுள்ள பெண்கள் எல்லோரையும் இடைத் தொடையாக எடுத்தால், அக்காவும் தங்கையும் ஒரே தாயிடம் போய்ச் சேர்கிறார்கள். இரண்டாவது சார்பு ஒன்றுக்கொன்றானது ஆகாது. ஆனாலும் வகுப்பின் கணக்குக் கெடவில்லை, ஏனென்றால் வகுப்பிலிருந்து புறப்பட்ட எந்த அம்பும் அந்தச் சின்னம்மாவைத் தொடவே இல்லை. இரண்டாவது சார்பு தன் குறையை முதலாவது சார்பு கால்வைக்காத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. ஒளிக்க இடமில்லாமற் செய்தால், அதாவது இடைத் தொடையை வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் மட்டும் என்று சுருக்கி முதற் சார்பை மேற்சார்பாக்கிவிட்டால், இரண்டாவதும் ஒன்றுக்கொன்றானதாகியே தீர வேண்டும்.

மேற்சார்பில் பொறுப்பு இடம்மாறுகிறது. சேர்க்கை எல்லோரையும் தொடுகிறது என்றால் கடைசிச் சார்பு எல்லோரையும் தொட்டாக வேண்டும். அம்மம்மாவாக இருக்கிற ஒவ்வொருவரும் ஓர் அம்மா. இதை மறுக்க யாரால் முடியும்? அம்மாவாக இருக்கிற ஒவ்வொருவரும் அம்மம்மா ஆகிவிடவில்லை, அதனால் எதிர்த்திசை பிழையாகிறது. கலந்து போகாமல் காப்பது முதற்படியின் கடமை, ஒருவரையும் விடாமல் சேர்ப்பது கடைசிப் படியின் கடமை. இடையில் பத்துச் சார்புகள் இருந்தாலும் இதே சட்டம்தான். எனக்கு இந்த ஓரவஞ்சனை பிடிக்கும். சங்கிலி அறுந்தால் எந்தக் கண்ணியை முதலில் பார்க்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

பெயர்ப்பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வலி, வளி, வழி மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதினால் பெரும்பாலும் ஒரே நாலு எழுத்துத்தான் வரும். அந்த நாலு எழுத்திலிருந்து ஒருவர் சிங்களத்துக்கு மாற்றுகிறார், இன்னொருவர் பிரெஞ்சுக்கு மாற்றுகிறார், மூன்றாமவர் மென்பொருளைக் கொண்டு தமிழுக்கே திருப்பிக் கொண்டுவருகிறார். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றையும் பிரிக்க முடியாது, முதற்படி கலந்துவிட்டது. பக்கத்துச் சொற்களைப் பார்த்து ஊகிக்கலாம் என்றால், அது முதற்படியைத் தாண்டி வேறொரு வாசலால் தகவல் வாங்குவது. கைத்தொலைபேசி செய்வது அதைத்தான்.

யாழ்ப்பாணத்தார் இந்த இழப்பை ஓரளவு உணர்ந்திருந்தார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஏழாலையை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’வுக்கு ஆர், எல் என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுகிறார்கள், யாழ்தேவி ரயிலின் பெயரிலும் பலர் அதே இரட்டையைப் போடுவதுண்டு. இளவாலைக்கும் அளவெட்டிக்கும் எல் மட்டும். பேச்சில் ழகரத்தை ளகரமாக உருட்டிவிடுகிற ஊர், எழுத்தில் அதைத் தனியே பொத்தி வைத்திருப்பது வேடிக்கை. ஆனால் ஈழம் என்ற சொல்லுக்கே அந்த இரட்டை எழுத்துக் கிடைக்கவில்லை. பாதுகாப்பு முழுமையானது என்று சொல்ல வழியில்லை.

எதிர்த்திசையில் நாங்கள் இன்னும் கவனமாக இருந்தோம். ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும்போது பழைய யாழ்ப்பாண வழக்கு ஒன்று உண்டு: ‘ஆர்’ ஒலிக்கு றகரம், சொல்லின் முதலில் வரும் ‘டீ’ ஒலிக்கு ரகரம். றோட்டில் போக ரோச் லைற். றேடியோவும் வேறு, ரீவியும் வேறு. ரிக்கற், ரயர், ரியூசன். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ‘ரீவி’ என்ற சொல்லைப் பார்த்து நெடுநேரம் யோசித்தார். அவருக்கு விசித்திரம், எங்களுக்கு அது இரண்டு ஒலிகள் ஒரே எழுத்தில் மோதாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ரதம், ரகசியம் போன்ற பழஞ்சொற்களும் ரகரத்திலேயே தொடங்குவதால் அந்த ஏற்பாடும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்கிறது. இப்போது இளையவர்கள் டிவி என்றே எழுதுகிறார்கள்.

இதுவரை சொன்னவை எழுத்து, உறவு. இனி வருவது பரீட்சை. குடாநாட்டில் சார்புகளின் சங்கிலி உயிரைப் பிடித்து உலுப்புகிற இடம்.

உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர் ஒருவரைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோகும் பாதை ஒரு நீண்ட சேர்க்கை. விடைத்தாளிலிருந்து புள்ளி. புள்ளியிலிருந்து இசட் புள்ளி. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளிலிருந்து சராசரி. சராசரியிலிருந்து தரவரிசை. தரவரிசையிலிருந்து இடம் கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை.

இசட் புள்ளி இலங்கையில் 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் ஒருவர் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது, அவ்வளவே. புள்ளி கூடினால் இசட் புள்ளியும் கூடும், ஆகவே இந்தப் படி ஒன்றுக்கொன்றானது. ஒரே பாடத்துக்குள் முந்தியவர் முந்தியவராகவே இருப்பார். ஏறும் சார்புகளைச் சேர்த்தால் ஏறும் சார்பே வரும் என்பதும் முன்னே சொன்ன தேற்றங்களின் உறவுக்காரன்தான். பிறகு ஏன் வரிசை மாறுகிறது என்று பெற்றோர் கேட்கிறார்கள். பாடங்களைச் சேர்க்கும் படியில் மாறுகிறது. கற்பனையாக ஒரு கணக்கு: இணைந்த கணிதத்தில் சராசரி 40, நியம விலகல் 20, பௌதிகவியலில் சராசரி 50, நியம விலகல் 10. முதல் மாணவர் 80, 50 எடுக்கிறார்; மற்றவர் 60, 68 எடுக்கிறார். வெறும் கூட்டல் 130, 128. முதலாமவர் முன்னே. இசட் புள்ளிகள் முதலாமவருக்கு 2, 0, சராசரி 1. மற்றவருக்கு 1, 1.8, சராசரி 1.4. இப்போது மற்றவர் முன்னே. ஒவ்வொரு பாடத்தையும் தனியே பார்த்தால் ஒருவரும் ஒருவரையும் தாண்டவில்லை.

இந்தச் சங்கிலியைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. அதற்கு ஒரு தேற்றமும் உண்டு. முடிவு என்ற சார்பை ‘மு’ என்போம். புள்ளி என்ற சார்பை ‘பு’ என்போம். முடிவானது புள்ளியை மட்டும் பார்த்து எடுக்கப்பட்டதா? அதாவது, மு = வ∘பு ஆகும்படி ஒரு ‘வ’ இருக்கிறதா? தேற்றம் சொல்வது: ஒரே புள்ளி எடுத்த எந்த இருவருக்கும் ஒரே முடிவு கிடைத்திருந்தால், அப்போது மட்டுமே, அப்படி ஒரு ‘வ’ இருக்கும். ஒரு பக்கம் உடனே தெரிகிறது: ‘வ’ இருந்தால், ஒரே புள்ளியை உள்ளே போட்டு இரண்டு விடை எடுக்க முடியாது. மறுபக்கத்துக்கு ‘வ’வை நாமே கட்ட வேண்டும்: ஒரு புள்ளியை எடுத்துக்கொள், அதைப் பெற்ற யாராவது ஒருவரைப் பிடி, அவருக்குக் கிடைத்த முடிவை எழுது. யாரைப் பிடித்தாலும் அதே முடிவுதான் என்று தரவு உறுதி சொல்வதால் இந்த வரையறையில் குழப்பம் இல்லை. ஒருவரும் பெறாத புள்ளிகளுக்கு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். உறவுமுறையில் சொன்னால், அம்மம்மா யார் என்பதை அறிய அம்மாவைத் தெரிந்தாற் போதும். அப்பம்மா யார் என்பதற்கு அம்மாவைத் தெரிவது போதாது, ஏனென்றால் தாய் ஒருவராகவும் தந்தையர் இருவராகவும் உள்ள பிள்ளைகள் உலகில் உண்டு.

இந்தத் தேற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1970களின் தொடக்கத்துக்குப் போகலாம். 1970-71 அனுமதியில் பொறியியல் கற்கைநெறிக்கு 400 இல் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் தேவைப்பட்டன. மருத்துவத்துக்கு 229, 250. பொறியியலுக்கு 240 புள்ளிகள் எடுத்த இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஆகவே அந்த வருடத்து முடிவு புள்ளியின் சார்பாக இருக்கவில்லை. புள்ளி, மொழிமூலம் என்ற இரண்டும் சேர்ந்த சோடியின் சார்பாக இருந்தது. அதன்பின், புள்ளிகளை மொழிமூலவாரியாக மாற்றியமைக்கும் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. வசதியற்ற பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கவே இவை என்ற வாதமும், தமிழ் மாணவரைக் குறைக்கவே இவை என்ற வாதமும் இன்றுவரை ஓயவில்லை. குடாநாட்டு வீடுகளில் ஒரு தலைமுறையின் கசப்பு அந்த 23 புள்ளி இடைவெளியிலிருந்து தொடங்கியது. தேற்றம் நியாயம் பேசாது. ஆனால் ‘புள்ளிப்படிதான் எடுத்தோம்’ என்று யாராவது சொன்னால் அது பொய் என்று ஒரே வரியில் காட்டிவிடும்.

இன்றைய முறையையும் அதே தராசில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நேர்மையாகாது. இப்போது வெட்டுப்புள்ளிகள் மாவட்டவாரியாக வெளியாகின்றன. ஒரே இசட் புள்ளி எடுத்த யாழ்ப்பாண மாணவருக்கும் முல்லைத்தீவு மாணவருக்கும் வெவ்வேறு முடிவு வரலாம். இசட் புள்ளி வழியாக மட்டும் இந்த முடிவு செல்வதில்லை. இசட் புள்ளி, மாவட்டம் என்ற சோடி வழியாகச் செல்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அந்தச் சோடி இப்போது பகிரங்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. போரில் பாடசாலையே இல்லாமற்போன முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அந்தச் சோடியில் ஓர் இடம் இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது; ஒரு யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இதை மறுத்து என்னோடு ஒரு மணிநேரம் வாதாடியிருக்கிறார்.

2011 இல் பிரச்சினை வேறொரு படியில் முளைத்தது. அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் எழுதினார்கள். வினாத்தாள்கள் வேறு வேறு. இரண்டு தொகுதியையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2012 இல் அந்த இசட் புள்ளிகள் செல்லாதென்று தீர்ப்பாகி, இரண்டு தொகுதிக்கும் தனித்தனியே கணிக்க நேர்ந்தது. கூட்டல் கழித்தலில் யாரும் பிழைவிடவில்லை. சராசரியும் நியம விலகலும் எந்தத் தொடையிலிருந்து வர வேண்டும் என்பதில்தான் பிழை. சார்பைக் கேட்கும்போது அதன் விதியோடு அது எந்தத் தொடையில் வாழ்கிறது என்றும் கேட்க வேண்டும் என்று முதலாண்டு விரிவுரையில் அலுக்கும் அளவுக்குச் சொல்வார்கள். அதை ஒரு நாடு நீதிமன்றத்தில் கற்றுக்கொண்டது.

திரும்பி வருவது பற்றியும் ஒரு தேற்றம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குப் போகிறவர் குறிகட்டுவான் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து படகு ஏறுகிறார். திரும்பும்போது முதலில் படகு, பிறகு பஸ். சேர்க்கையின் நேர்மாறு காண, ஒவ்வொரு படியின் நேர்மாறையும் பின்னிருந்து முன்னாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியும் ஒன்றுக்கொன்றானதாகவும் மேற்சார்பாகவும் இருந்தால் இப்படித் தடையில்லாமல் திரும்பலாம்.

பெறுபேறு வந்த அன்று மாலை பல வீடுகளில் நடப்பது இந்தத் திரும்பும் முயற்சிதான். கையிலிருப்பது பாடத்துக்கு ஓர் எழுத்து, நான்கு தசமதானத்தில் ஓர் இசட் புள்ளி, மாவட்டத் தரம், தீவுத் தரம். அதிலிருந்து இரசாயனவியலில் பிள்ளை உண்மையில் எத்தனை புள்ளி எடுத்தது என்று தகப்பன் கண்டுபிடிக்கப் பார்க்கிறார். எழுத்தைப் பிடித்துப் போனால் 76 உம் 94 உம் ஒரே ஏ. இசட் புள்ளியைப் பிடித்துப் போனால், 2 உம் 0 உம் சேர்ந்தாலும் 1 உம் 1 உம் சேர்ந்தாலும் சராசரி ஒன்றே. பின்நோக்கிப் போகும் படகு எடுத்த எடுப்பிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளை இதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு றோட்டுக்குப் போயிருக்கும்.